உதவியாளருக்கும் பதிவேட்டில் ஓர் இடம்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துச் சொன்ன கல்லூரி முதல்வர் அவர்களே, தியேட்டரில் இரண்டு ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் எலும்பு மருத்துவத் துறைத் தலைவர் அவர்களே, மேடைக்கும் மைக்குக்கும் செலவை ஏற்றுக்கொண்ட அரிமா சங்கத்துப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே! சட்டமன்ற உறுப்பினர் ஒரு கல்யாணத்தில் தலைகாட்டிவிட்டு வருவதாகத் தகவல். வந்ததும் அவருக்கும் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும் பிசியோதெரபி உதவியாளர்களுக்குத் தனி வணக்கம். உங்களுக்கு நாற்காலி போடவில்லை. இன்றைக்கு நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

பதிவேடு, உதவியாளர், வெளிநாட்டு உரிமத் தேர்வு, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று நான்கு தலைப்பு அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. நான்கையும் தொடப் பார்க்கிறேன்.

'தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்' என்பார்கள். நம் தொழிலில் தடிக்குப் பதில், மின்சாரம் செலுத்தி வலியைக் குறைக்கும் ஐ.எஃப்.டி. மெஷின். கடையில் பணம் கட்டினால் யாருக்கும் கொடுப்பார்கள். வாங்குபவரிடம் பதிவு எண் கேட்பதில்லை.

இதை ஒழுங்குபடுத்தத்தான் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. 2021 மே 25 முதல் அமலில் இருக்கிறது. பத்து வகைத் தொழில்கள். அதில் பிசியோதெரபி தனி வகை. ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் ஒரு கவுன்சில் அமைத்து, பதிவேடு திறக்க வேண்டும் என்றது சட்டம். பல மாநிலங்கள் அசையவில்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபர் 12-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைக்கிற அளவுக்குப் போனது. பதிவு இல்லாதவர் பதிவு பெற்றவர் போலக் காட்டிக்கொண்டால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம். பிசியோதெரபிஸ்ட் யார் என்பதற்கும் சட்டத்தின் அட்டவணை விளக்கம் தருகிறது: நோயாளியைப் பரிசோதிப்பவர், சிகிச்சையை முடிவு செய்பவர், தனித்தே தொழில் நடத்தக்கூடியவர், குறைந்தது இளநிலைப் பட்டம் பெற்றவர். நல்லது, கை தட்டலாம்.

ஆனால் அந்த அட்டவணையில் உதவியாளர் எங்கே? ஹாட் பேக் என்னும் சூடான ஒத்தடப் பையைச் சுற்றுகிறவர், நோயாளியை வாக்கரில் நடத்திப் பழக்குகிறவர், வீட்டுக்குப் போய்க் காலை மடக்கி நீட்டுகிறவர் எங்கே? தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டார்.

இங்கே ஒரு கதை. ஊரும் பேரும் வேண்டாம். ஒரு பாட்டிக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் வெளிநாட்டில், மருமகள் போனில் தேடி ஓர் ஏஜென்சியைப் பிடித்தார். மறுநாள் காலை பைக்கில் ஒரு பையன் வந்து இறங்கினான். தோளில் பை, பைக்குள் மெஷின், சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு. கார்டில் 'டாக்டர்'. பாட்டி பள்ளிக்கூடத்து ரிட்டயர்டு டீச்சர், சும்மா விடுவாரா?

"டாக்டர்னு போட்டிருக்கே, எந்தக் காலேஜ் தம்பி?"

"காலேஜெல்லாம் இல்ல பாட்டி. எங்க ஓனர் மூணு மாசம் கத்துக்குடுத்தாரு."

"ஓனர் எங்க படிச்சாரு?"

"அவரு மெஷின் விக்கிறவரு பாட்டி."

சிரிக்கிறீர்கள். பாட்டியும் சிரித்தார். "தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்" என்று அவரும் சொன்னாராம். பையன் கோபப்படவில்லை, நல்ல பையன். நேரம் தவறாமல் வருவான், செருப்பை வெளியே விடுவான், மருமகள் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பான். ஒன்பதாம் நாள் பாட்டி கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். தொட்டால் சூடு, பார்த்தால் வீக்கம். பையன், "நரம்பு இழுத்துக்கிச்சு பாட்டி" என்று எண்ணெய் தடவி நன்றாக உருவிவிட ஆரம்பித்தான். அந்த நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். நம் கல்லூரி போன்ற ஒரு கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிப்பவர். "கையை எடுங்க!" என்று கத்திவிட்டார். டேப்பை எடுத்து, முட்டிக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு காலையும் சுற்றளவு எடுத்தார். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல். அன்று மாலையே டாப்ளர் ஸ்கேன், ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. உருவிய உருவில் அது கழன்று நுரையீரலுக்குப் போயிருந்தால் பாட்டி இல்லை.

மாணவர்களே, அந்தப் பையனைத் திட்டாதீர்கள். 'இது என் வேலை இல்லை, நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிட வேண்டும்' என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கூப்பிடுவதற்குத்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட் அவனுக்கு மேலே இருந்தாரா?

அமெரிக்க மாநிலங்கள் இந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கின்றன. அங்கே உதவியாளர் ஆவதற்கு அங்கீகாரம் பெற்ற இரண்டு வருடப் படிப்பு வேண்டும். பிறகு நாடு முழுதும் ஒரே தேர்வு. 200-லிருந்து 800 வரை போகும் அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. அதன்பின் மாநில வாரியத்தின் உரிமம். முதல் மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம் எழுதுவது, அதை மாற்றுவது, நோயாளியை விடுவிப்பது எல்லாம் பிசியோதெரபிஸ்ட்டின் வேலை. திட்டத்துக்குள் பயிற்சி கொடுப்பது, முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டரில் அளந்து குறிப்பது, மாறுதல் தெரிந்தால் உடனே சொல்வது உதவியாளர் வேலை. கலிஃபோர்னியாவில் ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரே நேரத்தில் இரண்டு உதவியாளரைத்தான் மேற்பார்க்கலாம், நியூயார்க்கில் நான்கு. காசு விஷயத்திலும் கணக்கு உண்டு: 2022 முதல், உதவியாளர் கொடுத்த சிகிச்சைக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், வழக்கமான கட்டணத்தில் 85 சதவீதம்தான் தருகிறது. அது நியாயமா என்பது அவர்கள் சண்டை. யார் செய்தார் என்று பில்லிலேயே குறிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

நம் சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. 2 முதல் 4 வருடம், குறைந்தது 2,000 மணி நேரம் படித்தவர் 'துணைநிலைத் தொழிலர்'. 3,600 மணி நேரம் படித்தவர் 'சுகாதாரத் தொழிலர்'. பிசியோதெரபிக்கு இரண்டாவது படியில் மட்டும் ஆள் வைத்துவிட்டு முதல் படியைக் காலியாக விட்டிருக்கிறோம். அந்தக் காலியிடத்தில்தான் தண்டல்காரர்கள் ஏறி நிற்கிறார்கள்.

அந்த 2,000 மணி நேரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று துறைத் தலைவர் கேட்டார். முதல் மாதத்துப் பாடம் ஒன்று சொல்கிறேன். ஹாட் பேக் கிடக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல். வெறும் துண்டு ஒன்றைப் போட்டு வைத்தால் தோல் வெந்துவிடும். ஆறு முதல் எட்டு மடிப்பு வேண்டும். வைக்கும் முன் ஒரு டெஸ்ட் டியூபில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர் எடுத்து, நோயாளி கண்ணை மூடியிருக்க, மாற்றி மாற்றித் தோலில் தொட்டு எது சூடு என்று கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிலர் தப்பாகச் சொல்வதைப் பார்க்கலாம். தப்பாகச் சொன்னால் பேக்கை எடுத்து வைத்துவிடுங்கள். ஐந்தாவது நிமிடம் துண்டை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். அடர்சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அத்தோடு சரி. 'நல்லா சுடுது, இருக்கட்டும் தம்பி' என்று நோயாளியே கெஞ்சுவார். அந்த ஆசைக்கு இணங்கிப்போகும்போதுதான் கொப்புளம் வரும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கும், உடலில் உலோகத் தகடு இருக்கிற இடத்திலும், ரேடியோ அலையால் உள்ளே சூடேற்றும் ஷார்ட்வேவ் சிகிச்சை கூடாது என்பது அடுத்த பாடம்.

'உதவியாளரைப் பதிவு செய்தால் எங்கள் வேலை போய்விடும்' என்று பட்டதாரிகள் சிலர் முனகுவது கேட்கிறது. வேலை ஏற்கெனவே போய்விட்டது ஐயா, மெஷின் விற்கிறவரிடம்.

வெளிநாட்டுத் தேர்வு பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2010-இல் பிசியோதெரபி உரிமத் தேர்வை நடத்தும் அமெரிக்கக் கூட்டமைப்பு, கேள்விகள் கசிந்ததைக் காரணம் காட்டி இந்தியா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், எகிப்து ஆகிய நான்கு நாட்டுப் பட்டதாரிகளுக்கும் சில காலம் கதவைச் சாத்தியது. நேர்மையாகப் படித்தவரும் வெளியே நின்றார். போக நினைப்பவர்கள் பாடவாரியாக எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்ற சான்றைப் பல்கலைக்கழக முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள்; கல்லூரி மூடிவிட்டால் கிடைக்காது. இன்னொன்று, இனிஷியல். சான்றிதழில் 'ஆர்.' என்றும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் இரண்டு பேராக எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்ப் பதிவுக்கும் இதே தொல்லை உண்டு.

'டாக்டர்' பட்டத்தைப் பற்றி... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்ட்டுகள் அதைப் பெயருக்கு முன்னால் போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்தது, மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. அதை இன்னொரு விழாவில் வைத்துக்கொள்வோம்.

இன்றைய தீர்மானம் மூன்று வரி. அட்டவணையில் உதவியாளரைச் சேர்க்க வேண்டும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கு இரண்டு பேர் என்று உச்சவரம்பு வைக்க வேண்டும். பாட்டியின் மருமகள் போனில் பெயரைத் தட்டினால் பதிவு எண் தெரியும்படி மாநிலப் பதிவேடு பொதுவில் இருக்க வேண்டும். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. உதவியாளர்கள் எந்த ஊரில், எத்தனை வருடமாக, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மேற்பார்வைக்கு ஆளே இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்துவிட்டார் போலிருக்கிறது. தாளை அவர் கையில் கொடுத்தனுப்பும் பொறுப்பு முதல்வருடையது. வணக்கம்.