ஆயிரம் பவுன் ஆல்ஃப் காமன்

[திரையில்: புகைக்கூண்டுகள் நிறைஞ்ச பழைய மிடில்ஸ்பரோ நகரம்]

1905 பிப்ரவரி. வடகிழக்கு இங்கிலாந்துல இரும்பாலைகளுக்குப் பேர்போன ஊர் மிடில்ஸ்பரோ. அந்த ஊர் கால்பந்து கிளப் வெளியூர்ல லீக் மேட்ச் ஜெயிச்சு கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு. லீக்கோட மேல்மட்டப் பிரிவான முதல் டிவிஷனை விட்டே இறங்கிடுவோமோங்கற பயம் வேற. அப்போதான் பக்கத்துல இருக்குற சண்டர்லாந்து கிளப்புக்கு 1,000 பவுன் (தங்கம் இல்ல, இங்கிலாந்து பணம்) கொடுத்து, ஆல்ஃப் காமன்ங்கற ஃபார்வர்டை, அதாவது முன்வரிசை ஆட்டக்காரரை வாங்குனாங்க. ஒரு ஆட்டக்காரருக்கு இவ்வளவு பெரிய தொகை அதுக்கு முன்னாடி கைமாறினதே இல்ல.

[திரையில்: ஆல்ஃப் காமன் படம்]

1880ல சண்டர்லாந்துல பிறந்தவர். குட்டையான, தடிச்ச உடம்பு. 1901ல சண்டர்லாந்து கிளப்புல இருந்து 325 பவுனுக்கு ஷெஃபீல்ட் யுனைடெட் கிளப்புக்குப் போனார். அடுத்த வருஷமே எஃப்.ஏ. கோப்பைங்கற இங்கிலாந்து கால்பந்துப் போட்டியோட இறுதி ஆட்டத்துல கோல் போட்டார். அந்த ஆட்டம் டிரா ஆகி, மறு ஆட்டத்துல ஜெயிச்சு கோப்பையை எடுத்தாங்க. 1904ல 520 பவுனுக்குத் திரும்பவும் சண்டர்லாந்து. சில மாசத்துலயே விலை கிட்டத்தட்ட ரெட்டிப்பாச்சு!

பத்திரிகைகள் கொதிச்சுப் போச்சு. மனுஷனை விலை பேசுறதா, பந்தயக் குதிரை சந்தையா இதுனு கேட்டாங்க. மிடில்ஸ்பரோவுக்காக அவர் ஆடுன முதல் ஆட்டமே பழைய கிளப்பான ஷெஃபீல்ட் யுனைடெட்டை எதிர்த்து, அவங்க ஊர் பிரமால் லேன் மைதானத்துல. பெனால்டியில ஒரே கோல், காமன் போட்டது. 1-0. வெளியூர் வறட்சி தீர்ந்துச்சு, அந்த சீசன்ல முதல் டிவிஷன் இடமும் தப்பிச்சுது.

சரி, அந்த ஆயிரம் பவுன்ல காமனுக்கு என்ன கிடைச்சுது? எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். 1901ல இருந்தே ஆட்டக்காரரோட சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்துச்சு: வாரத்துக்கு 4 பவுன். அவருக்காகக் கைமாறின காசை அவரே சம்பாதிக்கணும்னா 250 வாரம், அதாவது அஞ்சு வருஷம் கிட்ட ஆகும். அப்போல்லாம் ஒப்பந்தம் முடிஞ்சாலும் விருப்பப்பட்ட கிளப்புக்குப் போக முடியாது. ஆட்டக்காரரோட பதிவு பழைய கிளப் கையில. அவங்க விட்டாத்தான் உண்டு.

1908ல கால்பந்துச் சங்கம் ஒரு ஆட்டக்காரருக்கு 350 பவுனுக்கு மேல கைமாறக் கூடாதுன்னு விதி போட்டுச்சு. கிளப்புங்க இன்னொரு ஆட்டக்காரரையும் கணக்குல சேர்த்துக் காட்டி, ரெண்டு பேருக்கான காசுன்னு சொல்லி வரம்பைத் தாண்டிக் கொடுத்தாங்க. சில மாசத்துலயே அந்த விதியைத் தூக்கிட்டாங்க. சம்பள உச்சவரம்பை மட்டும் யாரும் தொடல.

[திரையில்: 168 லீக் ஆட்டம், 58 கோல்]

மிடில்ஸ்பரோவுக்கு இதுதான் அவர் கணக்கு. கொடுத்த காசுக்குக் குறைவில்லாத ஆட்டம்னு தயங்காம சொல்லலாம். இங்கிலாந்துக்காகவும் மூணு ஆட்டம் ஆடியிருக்கார். 1910ல வுல்விச் ஆர்சனல் கிளப்புக்குப் போனார், 1912ல பிரஸ்டன் கிளப்புக்கு. முதல் சீசன்லயே பிரஸ்டன் ரெண்டாவது டிவிஷன் பட்டம் வாங்குச்சு. 1914ல ஆட்டத்தை விட்டுட்டு, டார்லிங்டன்ல மதுக்கடை நடத்துனார்.

1946ல அவர் இறந்தப்பவும் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு இருந்துச்சு. ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப்போறோம்னு மிரட்டுன பிறகு, 1961லதான் அதை எடுத்தாங்க.