மலையை விட்டு இறங்க மறுத்த மிளகாய்

[திரையில்: பலகை, கத்தி, உருண்டையான சிவப்புக் காய்]

இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். தக்காளியா? குட்டி ஆப்பிளா? சரி, நறுக்குகிறேன். உள்ளே பாருங்கள், விதையெல்லாம் கன்னங்கரேலென்று இருக்கிறது! காய் அழுகிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். அதன் நிறமே அதுதான்.

பெயர் ரொக்கோட்டோ. மனிதன் பயிராக்கிய 5 மிளகாய் இனங்களில் ஒன்று. பிறந்த ஊர் ஆண்டிஸ் மலை. பெருவில் ரொக்கோட்டோ, பொலிவியாவில் லொக்கோட்டோ. அறிவியல் பெயர் காப்சிகம் பியூபெசென்ஸ். இலையில் பூனைமுடி இருப்பதால் வந்த பெயர். பூ ஊதா நிறம். வரலாறு அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

மற்ற மிளகாய்கள் கப்பலேறி உலகத்தையே வளைத்துப் போட்டன. இது மட்டும் ஏன் வீட்டோடு இருந்துவிட்டது? காயை அழுத்திப் பாருங்கள், தெரியும். சதை விரல் தடிமனுக்கு இல்லாவிட்டாலும் குடைமிளகாய் அளவுக்கு இருக்கிறது, சாறும் அதிகம். வெயிலில் போட்டால் வற்றலாவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். வற்றலாகாத மிளகாயை மூட்டை கட்டி, மாதக்கணக்கில் கடலில் கொண்டுபோக முடியுமா? என்னைக் கேட்டால் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி, இதன் நச்சரிப்பு. வெயில் ஏறினால் பூ உதிரும், காய் பிடிக்காது. சரி, குளிர்தானே வேண்டும் என்று உறைபனியில் விட்டால் செடியே கருகிவிடும். வெப்பமும் கூடாது, பனியும் கூடாது! வெப்பமண்டலத்தில் உயரமான மலைச்சரிவுகள்தான் இதற்குச் சரிப்படும். அதனால் மலைவிட்டு மலை தாவியே பரவியது. 20-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவுக்குப் போனது. அங்கே பெயர் மன்சானோ, அதாவது ஆப்பிள். மிச்சோகான் பகுதியில் அவகாடோ மரங்களுக்கு நடுவே ஊடுபயிராக வைக்கிறார்கள். அரைநிழல் கிடைக்கிறது, செடிக்கு அது போதும். இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் டியெங் பீடபூமியிலும் பயிராகிறது. அந்த இடம் சுமார் 2,000 மீட்டர் உயரம்.

காரம்? ஆப்பிள் முகத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பெருவின் அரெக்கிப்பா ஊரில் இதற்குள் இறைச்சி அடைத்து, மேலே பாலாடைக்கட்டி வைத்துச் சுடுகிறார்கள். அதற்கு முன் விதையையும் உள்நரம்பையும் வழித்தெடுத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும். காரத்துக்கு இத்தனை முறை தலைமுழுக்கு! கறுப்பு விதைதான் எரிகிறது என்று நினைத்தால் தவறு. விதை ஒட்டியிருக்கும் அந்த வெளிர் சதையில்தான் காரம். நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கியவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். நான் ஏற்கெனவே தூக்கிவிட்டேன்.

அப்புறம் விவசாயிக்கு ஒரு நல்ல செய்தி. பக்கத்து வயலில் வேறு இன மிளகாய் இருந்தாலும் இது அதோடு கலக்காது, விதை சுத்தமாகவே நிற்கும். ஒருமுறை நட்டால் தண்டு மரம்போல் முற்றி, 10 ஆண்டுகூடக் காய்க்கும். முதல் காய் பழுக்கும்வரைதான் பொறுமை வேண்டும். மாதங்கள் ஆகும்.