வடிச்ச எண்ணெய், வடிச்ச கூலன்ட்: மறுபடி பொருளாகுமா ஆகாதான்னு எங்கே முடிவாகுது?

[காட்சி: தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த். வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டு மேல் நிற்கும் பாக்கி. எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் (சம்ப்) பிளக் கழல்கிறது, கறுப்பு எண்ணெய் தட்டில் இறங்குகிறது.]

வணக்கம். வெளியூர்ல இருந்து பாக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு வார்த்தை: இந்த நாட்டுல பாக்கின்னா கடன் பாக்கி இல்ல, பின்னாடி சாமான் ஏத்துற வண்டி. இந்த வண்டியில இருந்து இப்ப ஏழு லிட்டர் போல இறங்கப்போகுது. சின்னக் காருன்னா நாலு லிட்டர்.

கறுத்துப்போனதால இந்த எண்ணெய் செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. எண்ணெய் அவ்வளவு சுலபமா தேயாது. தேயறது அதுல கலந்திருக்கிற ஆடிட்டிவ், அதாவது சேர்ப்பு மருந்து. மேல சேர்றது புகைக்கரி, தண்ணி, எரியாம தங்கின பெட்ரோல் இல்லன்னா டீசல், எஞ்சின் பாகங்கள்ல இருந்து உதிர்ந்த இரும்பு, செம்பு, ஈயத்தூள். இதையெல்லாம் பிரிச்சு எடுத்துட்டா அடிப்படையா இருக்கிற மூல எண்ணெய், அதாவது பேஸ் ஆயில், பழைய ஆள்தான்.

எப்படிப் பிரிக்கிறாங்க?

[காட்சி: வரைபடம். நாலு பாத்திரங்கள், குழாய்கள்.]

முதல்ல 120, 140 டிகிரிக்குச் சூடு பண்ணி தண்ணியை ஆவியா ஓட்டிடுவாங்க. அடுத்து லேசான எரிபொருளைப் பிரிப்பாங்க. மூணாவதுதான் முக்கியமான வேலை: காத்தை உறிஞ்சி எடுத்த பாத்திரத்துல, 300 டிகிரிக்கு மேல, எண்ணெயை மெல்லிய படலமா சுவத்துல தடவி ஆவியாக்கறது. வெற்றிடம் ஏன்? சாதாரண அழுத்தத்துல எண்ணெய் கொதிக்கிற அளவுக்குச் சூடு ஏத்தினா, கொதிக்கிறதுக்கு முன்னாடியே அது உடைஞ்சு கரியாயிடும். அழுத்தத்தைக் குறைச்சா கொதிநிலையும் இறங்கும், எண்ணெய் பிழைச்சுக்கும். கடைசியா ஹைட்ரஜன் வாயுவோட வினையூக்கி மேல ஓட்டி, கந்தகத்தையும் நிறத்தையும் நாத்தத்தையும் எடுப்பாங்க. 100 லிட்டர் போட்டா ஏறக்குறைய 70 லிட்டர் பேஸ் ஆயில் வரும். அடியில தங்கற தார் மாதிரிக் கழிவு வீணாகாது, ரோடு போடற பிட்டுமன்ல கலக்கும். புது ஆடிட்டிவ் சேர்த்தா அந்த பேஸ் ஆயில் மறுபடி எஞ்சின் ஆயில்.

ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயில கிடைக்கிற மசகு எண்ணெய், ஒரே ஒரு கேலன் பழைய எண்ணெயில கிடைச்சிடும்னு ஒரு கணக்கு எல்லா இடத்துலயும் சுத்துது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பீப்பாயோட மிச்சம் பெட்ரோலாவும் டீசலாவும் போகுது, தூக்கியா போடறாங்க? அதனால அந்தக் கணக்கை அப்படியே தலையில ஏத்திக்காதீங்க.

தென்னாப்பிரிக்காவுல சேகரிக்கிற பழைய எண்ணெயில பெரும்பங்கு பேஸ் ஆயில் ஆகறதில்ல. தண்ணியும் மண்டியும் நீக்கி, வடிகட்டி, உலைக்கான எரிபொருளா விக்கறாங்க. தார் கலக்கற ஆலை, பெரிய உலை, இந்த மாதிரி இடங்களுக்குப் போகுது. ஒருதடவை எரிச்சா கதை முடிஞ்சது. மறுசுத்திகரிப்புதான் உசத்தி, சந்தேகமில்ல. ஆனா அதுக்குச் சுத்தமான சரக்கு வேணும். அந்தச் சுத்தம் ஆலையில ஆரம்பிக்கறதில்ல. நீங்க தட்டு வைக்கிற இடத்துல, இதோ இந்த முற்றத்துல ஆரம்பிக்குது.

[காட்சி: இரண்டு தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம்.]

எண்ணெய்க்கு ஒரு தட்டு, எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்டுக்கு ஒரு தட்டு. நிறம் வேற வேறயா இருக்கட்டும். இந்த வீடியோவுல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகத்துல நிக்கும்னா இது நிக்கட்டும். கூலன்ட்ல தண்ணியோட கலந்திருக்கிற ரசாயனத்துக்குப் பேர் கிளைக்கால். எண்ணெயில கலந்த கிளைக்கால் ஆலையோட சூட்டுக் குழாய்ல பிசினாப் படியும். கூலன்ட்ல கலந்த எண்ணெய், அதைச் சுத்தம் பண்ற சவ்வை அடைச்சிடும். ரெண்டும் கலந்தா ரெண்டும் கெட்டுது.

வடிக்கிற முறை. எஞ்சினை அஞ்சு பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க. வெதுவெதுப்பா இருந்தா அழுக்கு எண்ணெயோட சேர்ந்து இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தா மணிக்கட்டு வெந்துடும். பிளக்கைக் கழட்டினதும் 15, 20 நிமிஷம் சொட்டவிடுங்க. மூடும்போது புது வாஷர். பழைய வாஷரைப் போட்டு, கசியுதேன்னு இன்னும் இறுக்கி, சம்ப் மரையைக் கெடுத்தவங்க நிறையப் பேர்.

ஃபில்டரை அப்படியே குப்பையில போடாதீங்க. உள்ள கால் லிட்டர் வரைக்கும் எண்ணெய் தங்கியிருக்கும். சூடு ஆறறதுக்கு முன்னாடி குவிஞ்ச பக்கத்துல ஒரு ஓட்டை போட்டுக் கவுத்து வைங்க, குறைஞ்சது 12 மணி நேரம். அப்புறம் அது எண்ணெய்க் கழிவு இல்ல, பழைய இரும்பு.

கியர் ஆயில், டிஃப் (டிஃபரென்ஷியல்) ஆயில், ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் எஞ்சின் ஆயிலோட ஒரே டிரம்ல சேரலாம். பெட்ரோல், பிரேக் ஃப்ளூயிட், தின்னர், கூலன்ட் சேரக்கூடாது. சமோசா பொரிச்ச எண்ணெயும் கூடாது. அதுக்கு வேற ஆள், வேற வழி. முக்கியமா பிரேக் கிளீனரைக் கவனிங்க. சில டப்பாவுல குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். பேர்ல எங்கயாவது 'குளோரோ'ன்னு வந்தா அதுதான். வண்டிக்கடியில தெளிச்சு, வழியறது எண்ணெய்த் தட்டுல விழுந்தா, ஆலைச் சூட்டுல அந்தக் குளோரின் அமிலமா மாறி இரும்பை அரிக்கும். ஒரு தட்டுல விழுந்தது ஒரு டிரம்மைக் கெடுக்கும், அந்த டிரம் லாரித் தொட்டியவே கெடுக்கும்.

தண்ணி இருக்கான்னு நீங்களே பாக்கலாம்.

[காட்சி: மின்சார சூட்டுத் தட்டு, நெருக்கமாக. சொட்டுக்குழாயிலிருந்து ஒரே ஒரு துளி.]

சூட்டுத் தட்டு 160 டிகிரி. எரிவாயு அடுப்பு வேண்டாம், எண்ணெயில பெட்ரோல் இருந்தா பத்திக்கும். வெளியில வைச்சு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு துளி. சத்தமில்லாம பரவினா தண்ணி இல்லன்னே வெச்சுக்கலாம். அரை மில்லிமீட்டர்க் குமிழி வந்து உடனே மறைஞ்சா 0.05ல இருந்து 0.1 சதவீதம். ரெண்டு மில்லிமீட்டர்க் குமிழி நடுவுல கூடிப் பெருத்தா 0.2 வரைக்கும். இதோ, கேக்குதா? கடுகு வெடிக்கிற மாதிரி படபடன்னு... இது அதுக்கும் மேல. மூடி இல்லாத டிரம் மழையில நின்னா இப்படித்தான் ஆகும். மூடி இருந்தாலும் நிம்மதி இல்ல: நிமிர்த்தி வெச்ச டிரம்மோட தலையில மழைத்தண்ணி தேங்கும், ராத்திரி குளிர்ல உள்காத்து சுருங்கும்போது மூடி மரை வழியா அந்தத் தண்ணியை இழுத்துக்கும். கூரைக்கடியில வைங்க, முடியலன்னா கொஞ்சம் சாய்ச்சு வைங்க, தேங்கற தண்ணி மூடிகிட்ட வராத மாதிரி.

எண்ணெய் பால் டீ நிறத்துல வடிஞ்சா அது மழைத்தண்ணி இல்ல. பெரும்பாலும் எஞ்சின் தலைப்பாகத்தை அடைச்சு நிக்கிற ஹெட் கேஸ்கெட் கெட்டுப்போய் கூலன்ட் உள்ள வந்திருக்கு. அதை டிரம்ல ஊத்தாம தனிக் கேன்ல பிடிங்க.

இனி கூலன்ட்.

[காட்சி: ரேடியேட்டர் அடிக்குழாய். பச்சைத் திரவம் நீலத் தட்டில்.]

டர்பன்ல எது உறையப்போகுது, கூலன்ட் எதுக்கு, ஹோஸ் பைப் தண்ணி போதாதான்னு கேக்கறவங்க இருக்காங்க. உறையறது மட்டும் விஷயமில்ல. பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தா கொதிநிலை ஏறும், அதுல இருக்கிற மருந்து துருவைத் தடுக்கும். வருஷக்கணக்குல சூடு பட்டுப் பட்டு கிளைக்கால்ல ஒரு சின்னப் பங்கு அமிலமாகும், அந்த மருந்தும் தீரும். மிச்சமுள்ள எத்திலீன் கிளைக்கால் அப்படியேதான் இருக்கும்.

துணியில வடிகட்டித் திரும்ப ஊத்தலாமான்னா, கூடாது. துரு துணியில நிக்கும், கரைஞ்சிருக்கிற அமிலமும் குளோரைடு உப்பும் நிக்காது. காப்பியில கரைஞ்ச சர்க்கரையை வடிகட்டியில பிடிக்க முடியுமா? அதுக்குத்தான் ஆலையில வேற வழி வெச்சிருக்காங்க. முதல்ல சல்லடை. அப்புறம் உப்பை மட்டும் மறிக்கிற சவ்வு, இல்லன்னா அயனிகளைப் பிடிக்கிற பிசின், இல்லன்னா வெற்றிடத்துல காய்ச்சி வடிக்கறது. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், கிளைக்கால் 197ல. இடைவெளி பெருசுங்கறதால பிரிக்கறது சுலபம். காய்ச்சி வடிச்ச சரக்குதான் எனக்கு நம்பிக்கையானது. சவ்வும் பிசினும் பராமரிப்புல கொஞ்சம் சுணங்கினாலும் குளோரைடு நழுவி வந்துடும். கடைசியில புது மருந்து சேர்த்து, பிஎச் (அமில அளவு) பாத்து, டப்பாவுல அடைக்கறாங்க. மறுசுழற்சிக் கூலன்ட் வாங்கறீங்கன்னா சிவப்பா பச்சையான்னு பாக்காதீங்க, நிறம் வெறும் சாயம். ஏஎஸ்டிஎம் டி3306 மாதிரி ஒரு தர எண்ணும், எந்த வகை மருந்துங்கறதும் எழுதியிருக்கான்னு பாருங்க.

உங்க பங்கு இதுல ஒரு விஷயத்துல அடங்கியிருக்கு: முதல்ல வடியறதைத் தனியாப் பிடிங்க, அலசின தண்ணியைத் தனியாப் பிடிங்க. ரெண்டையும் சேர்த்தா 50 சதவீதக் கிளைக்கால் 15க்கு இறங்கிடும். லாரி ஏத்திப் போறது வெறும் தண்ணி. ஒளி வளையறதை வெச்சு அளக்கிற ரெஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு வெச்சா கிளைக்கால் அளவு உடனே தெரியும். எத்திலீன் கிளைக்காலுக்கு ஒரு கோடு, புரொப்பிலீன் கிளைக்காலுக்கு ஒரு கோடு இருக்கும், மாத்திப் படிக்காதீங்க. அலசின தண்ணியையும் தெருவோர வடிகால்ல ஊத்தாதீங்க. டர்பன்ல மழைநீர் வடிகால் வேற, கழிவுநீர்க் குழாய் வேற. மழைநீர் சுத்திகரிப்புக்குப் போகாது. உம்ஷ்லதுசானா ஆத்துல விழுந்தா நேரா துறைமுகம்.

[காட்சி: இரண்டு லிட்டர் கிரீம் சோடா பாட்டில். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பாட்டில்.]

இதுல எது குடிக்கறது? இங்க கிரீம் சோடா பச்சை. பழைய கூலன்டும் பச்சை, அதுவும் இனிக்கும். கூல்ட்ரிங்க் பாட்டில்ல கூலன்டை ஒருநாளும் ஊத்தி வைக்காதீங்க. 10 கிலோ நாய் சாகத் தண்ணி கலக்காத கூலன்ட் 50 மில்லி போதும், பூனைக்கு ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல போதும். முதல்ல குடிகாரன் மாதிரித் தள்ளாடும், அப்புறம் தேறின மாதிரித் தெரியும், அதுக்கப்புறம் சிறுநீரகம் போயிடும். தேறிடுச்சுன்னு காத்திருக்காம உடனே கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. குழந்தை குடிச்சா ஒரு நிமிஷமும் யோசிக்காம மருத்துவமனை.

டிரம்மை எங்க வைக்கறது? சிமென்ட் தரையில, சுத்தித் தடுப்புச் சுவர் கட்டி, பெரிய டிரம்மோட கொள்ளளவுல 110 சதவீதம் அதுக்குள்ள தேங்கற மாதிரி. சங்கிலி போட்டுக் கட்டுங்க. 200 லிட்டர் எண்ணெய் நிரம்பின டிரம் தண்ணியில மிதக்கும், எண்ணெய் தண்ணியை விட லேசு. 2022 ஏப்ரல் மாதிரி ஒரு வெள்ளம் வந்தா டிரம் கேட்டைத் தாண்டிப் போயிடும்.

எடுத்துப்போறவங்க உரிமம் உள்ளவங்களா இருக்கணும். இந்த நாட்டுல பழைய எண்ணெய் ஆபத்தான கழிவுக் கணக்குல வருது. உங்க பக்கத்துல யார் சேகரிக்கறாங்கன்னு ரோஸ் அறக்கட்டளைகிட்ட கேக்கலாம். 1994ல இருந்து இதே வேலைக்குன்னே இருக்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு அது. எடுத்துப்போனதுக்கு ரசீது வாங்கி வைங்க. லிட்டருக்கு நாலு காசு கூடத் தர்றேன்னு ரசீதில்லாம கேக்கறவர்கிட்ட குடுத்தா, அது எந்த அடுப்புல எரியுதுன்னு உங்களுக்குத் தெரியாது.

ஏற்கெனவே எண்ணெயும் கூலன்டும் கலந்த டிரம் ஒண்ணு மூலையில நிக்குதா? அதுல இனி எதையும் ஊத்தாதீங்க. நல்ல எண்ணெய் சேர்த்து நீர்த்துப்போகச் செஞ்சா கெட்டது ரெண்டு டிரம் ஆகும், அவ்வளவுதான். மேல பெயின்ட்ல 'கலப்பு'ன்னு பெருசா எழுதுங்க. சேகரிக்க வர்றவர்கிட்ட மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. விலை குறையும், ஒருவேளை நீங்கதான் காசு கொடுக்க வேண்டி வரும். ஆனா அவர் லாரியில இருக்கிற மத்தவங்க எண்ணெய் தப்பிக்கும்.