"சும்மா ஒரு விசாரணை"

நேயர்களுக்கு வணக்கம். காவலர் ஒருவர் வாசலில் வந்து நின்று, "ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டுப் போ, சும்மா ஒரு விசாரணை" என்று சொன்னால் நம்மில் பெரும்பாலானவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கட்டாயம் போகத்தான் வேண்டுமா, போனால் எப்போது திரும்பலாம் என்று கேட்க வாய் வருவதில்லை. இரண்டுக்குமே சட்டத்தில் விடை இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், அந்த இடத்தில் இது வந்திருக்கிறது. எண்கள் மாறிய அளவுக்கு உள்ளடக்கம் மாறவில்லை. நீதிமன்ற வளாகத்தில் சந்தேகத்துக்கு உள்ளானவரை விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை நாங்கள் பலர் இன்னமும், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, '41-ஏ நோட்டீஸ்' என்றுதான் சொல்கிறோம். அதன் புதிய எண் 35(3). சட்டத்தை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். காவலருக்கு அதிகாரம் தரும் முக்கியமான இடங்களிலெல்லாம், கூடவே ஒரு காகிதத்தையும் அது கேட்கிறது. அந்தக் காகிதம் எழுதப்படாத இடத்தில்தான் பெரும்பாலான அத்துமீறல்கள் நடக்கின்றன என்பது என் கருத்து.

ஒரு வழக்கின் விவரம் தெரிந்தவர் என்று உங்களை அழைத்தால், அந்த உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 179-ஆவது பிரிவு. பெண்கள், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் ஆகியோரை நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. காவலர்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்களே விரும்பி வந்தால் வேறு விஷயம்.

சந்தேகத்துக்கு உள்ளானவர் என்றால், 35(3)-இன்படி நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்தால் போயே ஆக வேண்டும். ஆனால் சொன்ன தேதியில் ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்வதற்கு, ஏன் தேவை என்று அதிகாரி காரணம் எழுத வேண்டும். ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடந்துவிடக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. புதிய சட்டம் சேர்த்திருக்கும் ஒரு பாதுகாப்பும் உண்டு. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதுக்கு மேற்பட்டவரையோ உடல்நலம் குன்றியவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன்அனுமதி தேவை.

சிக்கல் எங்கே வருகிறது? நோட்டீஸும் இல்லை, கைதும் இல்லை. ஆள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டார் வந்து கேட்டால் "கைது செய்யவில்லை அம்மா, விசாரிக்கிறோம்" என்பார்கள். எழுந்து வெளியே போகவும் விடமாட்டார்கள். இப்படி ஒரு மூன்றாவது நிலையைச் சட்டம் அறியாது. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பிலேயே இருக்கிறது. முந்தைய நாள் இரவு பிடித்தவருக்கு மறுநாள் காலையில் கைது என்று எழுதினால், அந்த இரவு கணக்கில் வராமலே போய்விடும்.

ஆகவேதான் கைது செய்யும்போது அதிகாரி எழுதும் கைதுக் குறிப்பு முக்கியமாகிறது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இன்று 36-ஆவது பிரிவில் சட்டமாகவே இருக்கின்றன. கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். குறிப்பில் உள்ள நேரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன காரணத்துக்காகக் கைது என்பதையும் அவருக்குச் சொல்லியாக வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். முழு நேரமும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

புகார் கொடுக்கப் போகிறவருக்கும் இதே காகிதப் பிரச்சினைதான். தமிழ்நாட்டில் மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-இல் தீர்ப்பளித்தது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்யலாம். "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது; எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். பிரதி இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் நடுவரிடம் போகலாம்.

காவலர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கொடுத்த கடன் திரும்பவில்லை, வாடகைதாரர் காலி செய்யவில்லை என்று நிலையத்துக்கு வருகிறவர்கள் ஏராளம். மோசடியோ மிரட்டலோ இல்லாத வெறும் பணத் தகராறில் காவலருக்கு அதிகாரமே கிடையாது. "கூப்பிட்டு ஒரு அதட்டுப் போடுங்கள் சார்" என்று நாமே கேட்டுவிட்டு, பிறகு கட்டப் பஞ்சாயத்து என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

வழக்குப் பதிவான பிறகும் ஒரு கடமை தொடர்கிறது. புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆவது பிரிவு. கைப்பேசிச் செய்தியாகவும் அதை அனுப்பலாம். எனவே புகாரில் கையெழுத்துக்குக் கீழே உங்கள் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். வணக்கம்.