20 மில்லிமீட்டருக்காகத்தான் எஸ்யூவி வாங்குறோமா?

[திரையில்: பலேனோவும் ஃப்ரான்க்ஸும் பக்கவாட்டுத் தோற்றத்தில், ஒன்றின் கீழ் ஒன்று]

வணக்கம். இந்த ரெண்டு வண்டியையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. மேல இருக்கறது மாருதி பலேனோ, கீழ இருக்கறது ஃப்ரான்க்ஸ். அடிப்படை பிளாட்ஃபார்ம் ஒண்ணுதான். ரெண்டுலயும் அதே 1197 சிசி பெட்ரோல் இன்ஜின் கிடைக்குது. வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துல இருந்து பின் சக்கர மையம் வரைக்கும் உள்ள நீளம், ரெண்டுக்கும் 2520 மி.மீ. மொத்த நீளத்துல வித்தியாசம் வெறும் 5 மி.மீ. ரெண்டுமே முன் சக்கரத்துல மட்டும் இழுக்கற வண்டி, அதனால சேத்துல மாட்டினா ரெண்டுக்கும் ஒரே கதிதான். ஆனா ஒண்ணு ஹேட்ச்பேக், இன்னொண்ணு எஸ்யூவி.

மாறினது உயரம். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியோட அடிப்பகுதிக்கும் நடுவுல உள்ள இடைவெளி, பலேனோவுக்கு 170 மி.மீ., ஃப்ரான்க்ஸுக்கு 190. கூரை 1500-ல இருந்து 1550-க்குப் போயிருக்கு. காட்டுக்கும் மலைக்கும் போகாத ஆளுங்க கூட ஏன் எஸ்யூவியே வேணும்கறாங்கன்னு கேட்டா, பதில் பெரும்பாலும் இந்த ரெண்டு நம்பருக்குள்ளதான் இருக்கு.

முதல்ல அந்த 20 மி.மீ. எங்க இருந்து வந்துச்சுன்னு பார்ப்போம்.

[திரையில்: டயரின் பக்கவாட்டு எழுத்து, க்ளோஸ்-அப்]

16 இன்ச் வீல் உள்ள மாடல்கள்ல பலேனோ டயர் 195/55 ஆர்16, ஃப்ரான்க்ஸ் டயர் 195/60 ஆர்16. முதல் எண் டயரோட அகலம், மி.மீ. கணக்குல. ரெண்டாவது எண், அந்த அகலத்துல எத்தனை சதவீதம் சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) உயரம்னு சொல்லுது. 195-ல 55 சதவீதம்னா 107 மி.மீ. 60 சதவீதம்னா 117. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல 10 மி.மீ. ரப்பர் கூடிருக்கு, வண்டியும் அந்த அளவுக்கு மேல ஏறிடுது. ஆக, உயர்ந்ததுல பாதி டயர்லயே வந்தாச்சு. மீதிக்குத்தான் ஸ்பிரிங்கையும் சஸ்பென்ஷனையும் பார்க்கணும்.

இந்த 10 மி.மீ. ரப்பருக்கு இன்னொரு வேலையும் இருக்கு. பள்ளத்துல இறங்கும்போது சைடுவால் நசுங்கிக் கொடுக்கும். சைடுவால் குட்டையா இருந்தா பள்ளத்தோட விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல டயர் சிக்கி, உள்ள நூல் அறுந்து பக்கவாட்டுல வீங்கிடும். அலாய் வளையறதும் இப்படித்தான். அதனால, ஸ்டைலுக்காக பெரிய அலாயும் மெல்லிய டயரும் உள்ள டாப் மாடலை எடுத்துட்டு ‘நம்ம ரோட்டுக்கு எஸ்யூவிதான் லாயக்கு’ன்னு சொல்றது கொஞ்சம் வேடிக்கைதான். அதே வண்டியில ஒரு இன்ச் சின்ன வீல் உள்ள மாடல் பல நேரம் பள்ளத்தை நல்லாத் தாங்கும்.

இப்ப முக்கியமான இடம். ஸ்பீடு பிரேக்கர்.

[திரையில்: இரண்டு வேகத்தடைகளின் குறுக்குவெட்டுப் படம்]

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற வேகத்தடை எப்படி இருக்கணும்னா, 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்துல வழவழன்னு ஒரு வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்துல தாண்டலாம். 2520 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டி இதுமேல நிக்கும்போது, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ரோடு எவ்வளவு மேல எழும்புதுன்னு கணக்குப் போட்டா 5 செ.மீ. கூட வராது. பலேனோவோட 17 செ.மீ.ல 12 செ.மீ. சும்மா கிடக்கும். செடான், ஹேட்ச்பேக் எதுவும் தட்ட வாய்ப்பே இல்ல.

ஆனா நம்ம தெருவுல இருக்கறது அதுவா? ராத்திரியோட ராத்திரியா கலவையைக் கொட்டி, ரெண்டடி அகலத்துல, 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு திட்டு. இது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல முழு உயரத்தோட நிக்கும். வண்டி காலியா இருந்தா பலேனோ 2 செ.மீ. இடைவெளியில தப்பிச்சுடும். அஞ்சு பேர் உட்கார்ந்து, டிக்கி நிறைய ஊருக்குப் போற சாமானும் ஏத்தி, வண்டி நடுவுல 30 மி.மீ. இறங்குதுன்னு வெச்சுக்குவோம். இப்ப பலேனோவுக்கு மிச்சம் 140. திட்டு 150. சைலென்சர் பைப்பு தட்டும். ஃப்ரான்க்ஸுக்கு மிச்சம் 160. ஒரு செ.மீ. இடைவெளியில போயிடும். நிறைய பேரை எஸ்யூவி பக்கம் தள்ளுறது அந்த ஒரு செ.மீ.தான். வண்டிக்காரங்களைக் குத்தம் சொல்ல முடியாது, ரோட்டுல நடக்குற தப்புக்கு அவங்க கைக்காசு போட்டுத் தீர்வு வாங்குறாங்க.

கம்பெனி விளம்பரத்துல வர்ற கிரவுண்ட் கிளியரன்ஸ் பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டியோடது. ஒரு கம்பெனி காலி வண்டியை அளந்து சொல்லும், இன்னொண்ணு லோடு ஏத்தி அளந்து சொல்லும், ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டா ஏமாந்துடுவீங்க. எந்த நிலையில அளந்ததுன்னு கேளுங்க.

வீல்பேஸையும் சேர்த்துப் பார்க்கணும். ஹோண்டா சிட்டி செடானுக்கு 165 மி.மீ., ஸ்விஃப்டுக்கு 163 மி.மீ. சிட்டிதான் 2 மி.மீ. உசரம், ஆனா வயிறு தட்டுதுன்னு புலம்பறதும் சிட்டிக்காரங்கதான். ஸ்விஃப்ட் வீல்பேஸ் 2450, சிட்டிக்கு 2600. சக்கரங்களுக்கு நடுவுல தூரம் கூடக் கூட, மேட்டுல வண்டியோட நடுப்பகுதி தரைக்குக் கிட்ட வரும்.

வீட்டு வாசல்லயும் இதே கதைதான். பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட்டு, தெரு உசந்து வீடு பள்ளத்துக்குப் போன இடங்கள் சென்னையில ஏகப்பட்டது. ரோட்டுல இருந்து கேட்டுக்குள்ள இறங்குற அந்தச் சரிவு தொடங்குற விளிம்புலதான் வண்டி வயிறு உரசும்.

புது வண்டி வாங்காமலே இதைக் கொஞ்சம் சமாளிக்கலாம். திட்டுமேல சக்கரம் ஏறும்போது பிரேக் மிதிச்சுட்டே போகாதீங்க. பிரேக் பிடிச்சா முன்பக்கம் குனியும், இன்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் சம்ப்பும் பம்பர் கீழ்விளிம்பும் தரைக்குக் கிட்ட வரும். திட்டுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, பிரேக்கை விட்டுட்டு, முதல் கியர்ல ஏறுங்க. இடம் இருந்தா சாய்வா ஏத்துங்க. ஒவ்வொரு சக்கரமா ஏறி இறங்கும்போது நடுப்பகுதிக்கு இடைவெளி கிடைக்கும். பின்னாடி பைக் வருதான்னு கண்ணாடியில பார்த்துட்டுத்தான்.

[திரையில்: வயதான ஒருவர் தாழ்ந்த சீட்டில் உட்காருவது, பிறகு உயர்ந்த சீட்டில் உட்காருவது]

ரெண்டாவது காரணம் முட்டி. விளம்பரத்துல மலையும் ஆறும் வரும், ஆனா வீட்டுல முடிவு எடுக்க வைக்கறது அப்பா அம்மாவோட முட்டிவலி. தாழ்ந்த கார்ல உட்காரணும்னா இடுப்பு முட்டிக்குக் கீழ இறங்கணும், எழுந்திருக்கும்போது மொத்த உடம்பையும் தூக்கணும். சீட்டு, முட்டிக்குப் பின்பக்க உயரத்தை விடக் கொஞ்சம் மேல இருந்தா அப்படியே சரிஞ்சு உட்காரலாம். அதுக்காக ரொம்ப உசரமும் ஆகாது. ஸ்கார்பியோ, தார் மாதிரி வண்டிகள்ல ஏறிப் போகணும், புடவை கட்டினவங்களுக்கு அது வேற கஷ்டம். ஒரு டேப் எடுத்துட்டுப் போய், தரையில இருந்து சீட்டு விளிம்பு வரைக்கும் அளங்க. வீட்டுப் பெரியவரோட முட்டி உயரத்தோட ஒப்பிடுங்க. சேல்ஸ்மேன் சிரிச்சாலும் பரவாயில்ல.

வரியும் இதுக்குத் துணை. 2006 பட்ஜெட்ல, 4 மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருக்கற கார்களுக்கு எக்சைஸ் வரியைக் குறைச்சாங்க. அந்த எல்லைக்கோடு இன்னும் மாறல. 2025 செப்டம்பர் 22-ல இருந்து கோட்டுக்கு உள்ள இருந்தா ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினா 40. பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, சோனெட், ஃப்ரான்க்ஸ் எல்லாம் 3995 மி.மீ.ல நிக்கறது தற்செயலா என்ன? இந்தச் சலுகை நீளத்தையும் இன்ஜினையும்தான் அளக்குது, உயரத்தைக் கேக்கறதில்ல. நீளமா வளர முடியாத வண்டியில இடம் வேணும்னா, வழி மேலதான். ஹூண்டாயோட கிராண்ட் ஐ10 நியோஸ் ஹேட்ச்பேக்கும் எக்ஸ்டர் எஸ்யூவியும் ஒரே நீளம்தான், 3815 மி.மீ. ஆனா டிக்கி நியோஸுக்கு 260 லிட்டர், எக்ஸ்டருக்கு 391.

சரி, உயரத்துக்கு என்ன விலை கொடுக்கறோம்?

மைலேஜ்ல பயந்த அளவுக்கு இல்ல. வண்டிகளைச் சோதிச்சுச் சான்று கொடுக்கற ஏஆர்ஏஐ கணக்குல, 1.2 மேனுவல் பலேனோ லிட்டருக்கு 22.35 கி.மீ., ஃப்ரான்க்ஸ் 21.79. வருஷம் 12,000 கி.மீ. ஓட்டினா 14 லிட்டர் வித்தியாசம். ஆனா அது ஆய்வுக்கூடத்து நம்பர். நாலுவழிச் சாலையில 60-ல இருந்து 100-க்குப் போகும்போது காத்தோட எதிர்ப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகுது. உசரமான வண்டிக்கு அங்கதான் வலிக்கும்.

வளைவுல சாயறது அடுத்தது. எடை மேல இருந்தா வண்டி கூடச் சாயும். சாயாம இருக்க ஸ்பிரிங்கை இறுக்கினா, மேடுபள்ளத்துல உள்ள இருக்கறவங்க தலை இடவலமா ஆடும். பின் சீட்டுல உட்கார்ந்து டெஸ்ட் டிரைவ் போனாத்தான் இது தெரியும். எந்த வண்டியா இருந்தாலும் இஎஸ்சி, அதாவது வண்டி கட்டுப்பாடு இழந்து வழுக்காமப் பார்த்துக்கற எலக்ட்ரானிக் வசதி, இருக்கான்னு பாருங்க. பாரத் என்கேப்ங்கற நம்ம நாட்டு மோதல் சோதனையில 3 ஸ்டாரும் அதுக்கு மேலயும் வாங்க அது கட்டாயம். ஸ்டாருக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்ல. குளோபல் என்கேப்ங்கற சர்வதேச மோதல் சோதனையில 2020-ல ஆல்ட்ராஸ் ஹேட்ச்பேக் 5 ஸ்டார் எடுத்துச்சு, 2024-ல டிசையர் செடானும் எடுத்துச்சு.

தண்ணி விஷயத்துலதான் ஜனங்க ரொம்ப ஏமாறுறாங்க. கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மி.மீ. இருக்குன்னா, வெள்ளத்துல அவ்வளவு தைரியமா இறங்கலாம்னு அர்த்தமில்ல. பார்க்க வேண்டியது இன்ஜின் காத்து இழுக்குற குழாய் எங்க இருக்குங்கறது. பல வண்டிகள்ல அது கிரில்லுக்குப் பின்னாடி இருக்கும். எதிர்ல ஒரு பஸ் வந்து அலை அடிச்சா போதும், தண்ணி உள்ள போயிடும். தண்ணியை பிஸ்டனால அமுக்க முடியாது, பிஸ்டனோட சேர்ந்த கனெக்டிங் ராடு வளையும். தண்ணியில வண்டி நின்னுட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, இழுத்துட்டுதான் போகணும். வேகமா ஓடுற தண்ணி ஒரு அடி இருந்தாலே சின்ன கார் மிதக்கும், ரெண்டடி எஸ்யூவியையும் அடிச்சுட்டுப் போயிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரிக்காரங்க வண்டியை மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்தினாங்களே, அதுதான் புத்திசாலித்தனம்.

[திரையில்: வண்டிக்கு முன்னால் 20 லிட்டர் தண்ணீர் கேன்]

ஷோரூம் போறப்ப இந்தச் சோதனையைப் பண்ணுங்க. ஓட்டுநர் சீட்ல உட்காருங்க. பம்பரை ஒட்டி ஒரு 20 லிட்டர் தண்ணி கேனை வெச்சு, ஒருத்தர் அதைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகர்த்தட்டும். எப்ப உங்க கண்ணுக்குத் தெரியுதோ, அதுவரைக்கும் உள்ள தூரம்தான் உங்க குருட்டுப் பகுதி. தவழ்ற குழந்தை கேனை விடப் பெருசு இல்ல. பானெட் உசரமா, தட்டையா இருந்தா இந்தத் தூரம் கூடும்.

டெஸ்ட் டிரைவை மெயின் ரோட்டுலயே முடிக்க விடாதீங்க. வீட்டுல நாலு பேரை ஏத்திக்கிட்டு, உங்க தெருவோட மோசமான திட்டுக்கும் உங்க கேட் சரிவுக்கும் அந்த வண்டியைக் கொண்டுபோங்க. அங்க உங்க பழைய ஹேட்ச்பேக்கே தட்டலன்னா, அந்தக் கூடுதல் பணத்தை ஆறு ஏர்பேக் உள்ள ஹேட்ச்பேக்ல போடறது நல்லது.

எஸ்யூவியே வாங்கிட்டீங்கன்னா, ஸ்டியரிங் பக்கத்துல 0-ல இருந்து 3 வரைக்கும் நம்பர் போட்ட ஒரு சின்ன சக்கரம் இருக்கான்னு பாருங்க. ஹெட்லைட் லெவலிங். பின்னாடி லோடு ஏறினா வண்டி முன்பக்கம் தூக்கும், லைட்டு நேரா எதிர்ல வர்றவர் கண்ணுக்குப் போகும். ஏற்கெனவே உசரமான வண்டி வேற. ஆள் நிறைய இருந்தா 1, டிக்கியும் நிறைஞ்சா 2-ன்னு வெச்சு, சுவத்துக்கு நேரா நிறுத்தி வெளிச்சம் இறங்குதான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. வண்டிக்கு வண்டி இது மாறும், சரியான நம்பர் ஓனர் மேனுவல்ல இருக்கும்.