உங்களுக்கு எந்தத் தூரம் வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவில் 20 வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துப் புதுக் கண்ணாடிச் சீட்டோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

எங்கள் அம்மா ஸ்டேஷன் பக்கம் பூ விற்கிறார். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் 3. தெருவில் நடக்கக் கண்ணாடி வேண்டும், பூக்கட்ட உட்கார்ந்தால் கழற்றி வைத்துவிடுவார். மைனஸ் 3 உள்ள கண்ணுக்குச் சுமார் 33 சென்டிமீட்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும், நூலை நெஞ்சுக்கு நேரே பிடித்து அவர் கட்டுகிற தூரமும் அதுதான்.

போன வருஷம் வலது கண்ணில் புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரி மேஜையில் இருந்தவர் கண்ணுக்குள் வைக்கிற உள்ளூர் லென்ஸ் இவ்வளவு, இம்போர்ட்டட் லென்ஸ் இவ்வளவு என்று ஒரு அட்டையைக் காட்டினார். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, இதே தொழிலில் இருக்கும் நானும் வாய் திறக்கவில்லை, அது இன்னும் என்னை உறுத்துகிறது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் கடையில் போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் இரண்டு மல்லி, அந்தப் பக்கம் இரண்டு வைத்து நூலைச் சுற்றி இழுத்தால், காம்பில் விழ வேண்டிய முடிச்சு அரும்பின் மேல் விழுந்து பூ நைந்தது. இடது கண்ணோ அப்போது புரையில் மங்கிக் கிடந்தது. "ஏம்ப்பா, கிட்டத்துல நல்லாத்தானே தெரிஞ்சுது எனக்கு?" என்று கேட்டார்.

புரை என்பது கண்ணில் சதை வளர்வது இல்லை, முத்தட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ரொம்ப முற்றினால் ஆபரேஷன்தான் கஷ்டமாகும். கண்ணுக்குள் பிறவியிலேயே இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள், எங்கள் ஆச்சி சாகும்வரை அதைத்தான் போட்டிருந்தார். போர் விமானிகளின் கண்ணில் தைத்த அக்ரிலிக் என்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைப் பார்த்த ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் டாக்டர், 1949ல் அதே ஜாதிப் பொருளில் லென்ஸ் செய்து முதன்முதலாக உள்ளே வைத்தார். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992ல் தொடங்கி மலிவு விலையில் லென்ஸ் செய்ததால்தான் பூ விற்கிறவர்களுக்கும் அது எட்டியது.

உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து முடிவு செய்கிறார்கள். நீளம் சாதாரணமாக 23, 24 மில்லிமீட்டர் இருக்கும், அதில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் சுமார் இரண்டரை நம்பர் மாறிவிடும். சரியாக அளந்தால் ஆயுசுக்கும் சுமந்த நம்பரை ஆபரேஷனிலேயே இறக்கிவிடலாம், கருவிழி வளைவு ஒரே சீராக இல்லாததால் வருகிற சிலிண்டர் நம்பருக்குக்கூட டோரிக் என்று தனி லென்ஸ் இருக்கிறது. ஆனால் சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் வேலை செய்யும், சொல்லாவிட்டால் பெரும்பாலும் எட்டத்துக்கே வைப்பார்கள், அம்மாவின் வலது கண்ணுக்கும் அப்படித்தான் ஆனது. பலருக்கு அதுவே சரி. கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் வேலை செய்து பழகிய தையல்காரர், நகை ஆசாரி, பூக்கட்டுகிறவர், இவர்களுக்கு அது கைப்பழக்கத்தையே பிடுங்கிவிடும். எட்டம், கிட்டம் இரண்டுக்குமான மல்ட்டிஃபோகல் லென்ஸில் சிலருக்கு ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், டாக்சி ஓட்டுகிறவர்கள் அதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால், அளவெடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்: நாள் முழுக்க எதைப் பார்க்கிறீர்கள், எவ்வளவு தூரத்தில் பிடித்துப் பார்க்கிறீர்கள், எதற்குக் கண்ணாடி போட்டாலும் பரவாயில்லை. வாயால் சொல்ல வராவிட்டால் ஊசியையும் நூலையும் எடுத்துப் போய்ப் பிடித்துக் காட்டுங்கள்.

இடது கண்ணுக்குப் போனபோது அம்மா ஒரு முழம் மல்லியை டாக்டர் முன்னால் கட்டிக் காட்டினார். டாக்டர் அந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்தார். பழையபடி மைனஸ் 3 வைத்தால் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் அதிகமாகித் தலை சுற்றலாம், மைனஸ் 2 வைக்கிறேன் என்றார். மைனஸ் 2 என்றால் 50 சென்டிமீட்டர். நெஞ்சுக்கு நேரே பிடித்த நூலை அம்மா இப்போது மடிக்கு இறக்கிப் பிடித்துக் கட்டுகிறார், கண்ணாடி இல்லாமல்.

வணக்கம்.