வம்சாவழியும் முகாம் பிள்ளைகளும்
(தஞ்சாவூரில் ஒரு நூலகக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே,

குறுவை நடவு நடக்கும் நேரத்தில் இத்தனை பேர் ஒரு சட்டத்தைப் பற்றிய பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்கள். நான் வழக்கறிஞன் அல்லன். திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் நாட்களில், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகளின் படிவங்களையும் சரிபார்ப்பேன். ஒருமுறை ஒரு மாணவி ‘தேசியம்’ என்ற கட்டத்தைப் பென்சிலால் நிரப்பி, அழித்து, மறுபடியும் எழுதி அழித்து, தாள் தேய்ந்து நைந்துபோன நிலையில் என்னிடம் கொண்டுவந்தாள். “இதுல என்ன சார் எழுதறது?” என்றாள். உடன் வந்த தகப்பனார், “சேர், நீங்களே பார்த்து ஒண்டை எழுதிவிடுங்கோ” என்றார். தகப்பன் வாயில் ‘சேர்’, மகள் வாயில் ‘சார்’. பேச்சால் அவள் எங்கள் ஊர்ப் பெண்ணாகிவிட்டாள். ஆனால் அந்தக் கட்டத்துக்கு என்ன விடை என்பது அன்று எனக்கும் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம் குடியுரிமைச் சட்டம் 1955-ஆம் ஆண்டுச் சட்டம். இந்திய மண்ணில் பிறந்தாலே போதும் என்ற தாராளம் அதில் முதலில் இருந்தது. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக, அதாவது உரிய ஆவணமின்றி வந்தவராக, இருக்கக் கூடாது என்றானது. அதாவது, பிறந்த மண்ணைப் பார்த்த சட்டம் படிப்படியாகப் பெற்றவர்களைப் பார்க்கும் சட்டமாக மாறியது. ஜூலை முதல் தேதி என்பது நம் கணக்கில் ஆனி மாதத்தின் நடுப்பகுதி. 1987-ஆம் ஆண்டு ஆனியின் முன்பாதியில் ஒரு முகாமில் பிறந்த பையன் பிறப்பாலேயே இந்தியன். பின்பாதியில் எதிர் வீட்டில் பிறந்த பையன் அயல்நாட்டான். நான் கற்பனையாகப் பேசவில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று கூறிப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களிக்கவும் செய்தார். அவருக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

உள்ளூர்ப் பையன் ஒருவன் முகாம் பெண்ணைத் திருமணம் செய்துகொள்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் உரிய ஆவணமின்றிப் படகில் வந்தவள் என்று வகைப்படுத்தப்பட்டால், தகப்பன் ஐந்து தலைமுறையாகக் கொள்ளிடக் கரையில் உழுதவனாக இருந்தாலும், 2004-க்குப் பின் பிறந்த அவன் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. வெளிநாட்டில் பிறக்கும் இந்தியர் பிள்ளைக்கோ வம்சாவழிக் குடியுரிமை, அதாவது பெற்றோர் வழியாக வரும் குடியுரிமை, உண்டு; ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்தால் போதும். அதுவும் 1992 டிசம்பர் 10 வரை தகப்பன் வழியாக மட்டுமே இருந்தது, அதன் பிறகே தாய் வழியும் சேர்ந்தது. அதற்கு மறுநாள், டிசம்பர் 11 அன்று, இந்தியா ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் உரிமை உண்டு என்று அதன் 7-ஆவது பிரிவு சொல்கிறது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவில்லை என்று அதிகாரிகள் அடிக்கடி நினைவூட்டுகிறார்கள். நாம் ஏற்றுக்கொண்ட இதை ஒருவரும் நினைவூட்டக் கேட்டதில்லை.

வம்சாவழி என்ற சொல் நம் பகுதிக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த தொழிலாளர் ஆணையகம் திருச்சிராப்பள்ளியில்தான் இயங்கியது. ஆள் சேர்த்த கங்காணிகள் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் சேரிகளிலிருந்தும் ஆட்களை அழைத்துச் சென்றார்கள். மண்டபம் முகாம் அவர்களைத் தங்கவைத்து நோய் சோதித்து அனுப்பிய இடம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் 1948-இல் கொழும்பு கேட்ட கேள்வி, “உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான்?” என்பது. விடை இந்தியா என்பதாலும், இலங்கை என்று சொன்னவர்களிடம் அதற்குச் சான்று இல்லாததாலும் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். நெல் மூட்டையைக்கூட நாம் இவ்வளவு சுலபமாகப் பங்கு போடுவதில்லை. 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களில் ஈழத் தமிழரோடு, தோட்டத் தொழிலாளர் வழிவந்த இந்த மலையகத் தமிழரும் இருக்கிறார்கள். பாட்டன் பிறந்த மண் அங்கே குற்றமாயிற்று. இங்கே அது கணக்கிலேயே வரவில்லை.

மாநில அரசு செய்தவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021-இல் ரூ.317.40 கோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது, 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித்தர முடிவாயிற்று, ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆயிற்று. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் ரூ.500 பணக்கொடை உண்டு. ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தார்கள். நல்லதுதான், ஆனால் தண்டனை இல்லை என்பது குடியுரிமை ஆகிவிடாது.

இலங்கைக்குத் திரும்ப விரும்பும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்நாட்டின் வம்சாவழிக் குடியுரிமை உண்டு. அதைச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பதிவதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தலைமன்னாரில் இரவோடிரவாகப் படகேறியவர் மடியில் கட்டியது கைக்குழந்தையையா, சான்றிதழையா? இந்த வேலையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலமாக உதவி வருகிறது. இருந்தும், பதியாத பிள்ளைகளின் கையில் இரண்டு நாட்டுத் தாளும் இல்லை.

இங்கேயே இருக்க விரும்பும் பிள்ளைகளுக்கு என்ன வழி? புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, 4-ஆவது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால், வயது நிரம்பாத எவரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்கிறது அது. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் அந்த உட்பிரிவில் இல்லை. இருப்பதும் பொருந்தாது, முகாமில் பிறந்த பிள்ளை எந்த எல்லையையும் தாண்டி வரவில்லையே. பெற்றவர்கள் வந்த படகைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்காமல், மாவட்ட ஆட்சியர் வழியாக முகாம்வாரியாக விண்ணப்பம் பெற்று, இந்த உட்பிரிவின் கீழ் முடிவெடுக்கும்படி மாநில அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். நம் தொகுதி உறுப்பினர்கள் இதை மக்களவையில் கேட்க வேண்டும். பதினெட்டு வயது முடிந்துவிட்டால் இந்தக் கதவும் அடைபட்டுவிடும் என்பதால் காலதாமதத்துக்கு இடமில்லை.

அன்று அந்தக் கட்டத்தில் ‘இலங்கை’ என்று நானே பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் இலங்கையைப் பார்த்ததே இல்லை. அவளுடைய தம்பி இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அதே படிவம் அவனிடம் வரும்.